தூக்கணமும் வானரமும்: விலங்குகள் கற்பதைக் குறித்து

விவேகசிந்தாமணியில் வரும் தூக்கணாங்குருவியின் கதையை அறியாத தமிழ்ப் போதகர் இரார். மழையில் நனைந்து நடுங்கும் குரங்கைப் பார்த்துத் தன் கூட்டிலிருந்த குருவி அறிவுரை கூறுகிறது; சினமுற்ற குரங்கு மரத்தின்மேல் ஏறிக் கூட்டைப் பிய்த்தெறிகிறது; ஈனருக்கு ஞானமும் கல்வியும் உரைத்தால் இடரே விளையும் என்று பாட்டு முடிகிறது. இக்கதையைப் பிரசங்க மேடையில் நாமும் பலமுறை எடுத்தாண்டிருக்கிறோம். அதனோடு வேறொரு கருத்தையும் சேர்த்துக்கொள்வது நம் வழக்கம். தூக்கணம் ஆதாமின் நாள்முதல் ஒரே விதமான கூட்டையே கட்டிவருகிறது. அதற்கு இயல்பூக்கம் மட்டுமே உண்டு. மனிதனோ கற்கிறான், கற்றதைத் தன் மக்களுக்குக் கொடுக்கிறான். ஆகவே அவன் மட்டுமே இறைச்சாயலை உடையவன் என்போம். கேட்போர் தலையசைப்பர். நாமும் நிறைவோடு அடுத்த பகுதிக்குச் செல்வோம்.

மன்னார்குடிக்கும் வேதாரணியத்திற்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர்ச் சபையில், அறுப்பின் பண்டிகையன்று இவ்வாறே கூறி முடித்து வெளியே வந்தோம். முதிய விவசாயத் தொழிலாளர் ஒருவர் நம்மைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். கிணற்றின்மேல் சாய்ந்திருந்த கருவேல மரத்தில் பத்துப் பன்னிரண்டு கூடுகள் தொங்கின. "ஐயா, இது பழகினது கட்டினது. அது இளசு கட்டினது. பாத்தாலே தெரியும்" என்றார். தெரியத்தான் செய்தது. ஒன்று செவ்வையாய் முறுக்கிப் பின்னப்பட்டு, காற்றில் அசைந்தும் குலையாதிருந்தது. மற்றொன்று தாறுமாறான வைக்கோற் பொதி போலிருந்தது. நம் பிரசங்கத்தை அவர் மறுக்கவில்லை. மரத்தைக் காட்டினார், அவ்வளவே. அன்று தொடங்கி இப்பொருளைப் பற்றிச் சற்றுப் படிக்கலானோம். இக்கட்டுரை அதன் விளைவு.

தூக்கணாங்குருவியைப் பற்றிய நமது அறிவு பெரும்பாலும் நம் நாட்டிலேயே பெறப்பட்டதாகும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1930இல் பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் இவற்றைக் கூர்ந்து நோக்கினார். கூடு கட்டுவது ஆண்குருவி. நெற்றாளிலும் நாணலிலும் தன் அலகால் ஒரு வெட்டு வைத்து, நீண்ட நாராகக் கிழித்தெடுத்துப் பறந்துவந்து, முடிச்சிட்டு, வளையமாக்கி, அதன்மேல் பின்னுகிறது. ஒரு கூடு முடிவதற்கு ஏறக்குறைய 18 நாட்கள் ஆகின்றன. பாதிக் கூடு, தலைக்கவசம் போன்ற நிலையை அடைய எட்டு நாட்கள் வேண்டும். அந்நிலையில் பெண்குருவிகள் வந்து பார்வையிடுகின்றன. பெண் ஏற்றுக்கொண்டால்தான் ஆண் நுழைகுழாயைக் கட்டி முடிக்கும். ஏற்காவிடில் கூடு பாதியிலேயே நின்றுவிடும். வரப்போரப் பனைமரங்களில் பாதியில் நிற்கும் கூடுகளைக் கண்டு, இவை காற்றில் சிதைந்தவை என்றே நாம் எண்ணியிருந்தோம். அவை பெண்குருவிகளால் தள்ளப்பட்டவை.

ஆப்பிரிக்காவில் வாழும் இதன் உறவினமாகிய ஊர் நெசவுக்குருவியை, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த நிக்கலஸ் காலியாஸ், எல்சி காலியாஸ் தம்பதியர் வளர்த்து ஆராய்ந்தனர். இளமையில் பச்சை நார்கள் கிடைக்காதபடி வைக்கப்பட்ட ஆண்குஞ்சுகள், வளர்ந்தபின் நார் கொடுக்கப்பட்டபோது நெய்ய இயலாமல் தடுமாறின. நாரோடு விளையாடிப் பழகிய குஞ்சுகளோ எளிதில் நெய்தன. ஆகவே நெய்ய வேண்டும் என்ற உந்துதல் பிறப்போடு வருகிறது. நெய்யும் திறமை பழக்கத்தால் வருகிறது.

இவ்விடத்தில் வாசகர் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். தானே முயன்று பழகுவது வேறு. பிறரைக் கண்டும் பிறரோடு கூடியும் கற்பது வேறு. பின்னதையே அறிஞர் சமூகவழிக் கற்றல் என்கின்றனர். அவ்வாறு கற்ற ஒரு செயல் ஒரு கூட்டத்தில் பரவி, தலைமுறை கடந்து நிலைத்து, அண்டைக் கூட்டத்தில் இல்லாததாய் இருக்குமாயின், அதனைப் பண்பாடு என்று அழைக்கப் பலர் தயங்குவதில்லை. தூக்கணத்தின் முடிச்சு முதல் வகையைச் சேர்ந்ததென்றே தோன்றுகிறது. ஆயினும் இக்குடும்பத்திலேயே இரண்டாம் வகைக்கும் சான்று கிடைத்துள்ளது. தென்னாப்பிரிக்காவின் கலஹாரி வறண்ட நிலத்தில் கூட்டமாய் வாழும் வெண்புருவ நெசவுக்குருவிகளைக் குறித்து 2024இல் வெளியான ஆய்வொன்று, ஒவ்வொரு கூட்டமும் தனக்கென ஒரு வடிவில் கூடுகளைக் கட்டுவதைக் காட்டியது. சில கூட்டங்கள் நீண்ட குழாய் வைக்கின்றன, சில குறுகிய குழாய் வைக்கின்றன. காற்றோ, மரத்தின் உயரமோ, இரத்த உறவோ இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகவில்லை. வேறு கூட்டத்திலிருந்து வந்து சேர்ந்த பறவையும் வந்த இடத்தின் பாணியிலேயே கட்டுகிறது. தஞ்சைப் பகுதியில் ஊருக்கு ஊர் வைக்கோற்போரின் வடிவம் மாறுவதை அறிந்தோர்க்கு இது விந்தையாகத் தோன்றாது.

இனிக் குரங்கைப் பார்ப்போம். விவேகசிந்தாமணி அதற்குச் செய்தது அநீதி என்பதே நம் கருத்து. கற்க மறுத்த விலங்கு என்று பாட்டு அதனைப் பழிக்கிறது. ஆனால் விலங்குகளின் கற்றலைப் பற்றிய ஆய்வு முழுவதிலும் முன்வரிசையில் நிற்பது அதுவே.

1953இல் ஜப்பானின் கோஷிமா என்னும் சிறு தீவில், ஆய்வாளர் கடற்கரையில் இட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை, ஒன்றரை வயதுள்ள இமோ என்ற பெண்குரங்கு நீரில் கழுவி மணலை நீக்கி உண்டது. அதன் விளையாட்டுத் தோழர்கள் கற்றன, தாய் கற்றது, பின்னர் இளந்தாய்மாரிடமிருந்து குட்டிகள் கற்றன. முதிர்ந்த ஆண்குரங்குகளுட் பெரும்பாலானவை கடைசிவரை கற்கவில்லை. சபை நிர்வாகக் குழுக்களில் அமர்ந்து பழகியோர் இதனைப் படித்துப் புன்னகை செய்வர்.

எனினும் கண்டதையெல்லாம் பண்பாடு என்று கூறிவிட இயலாது. இங்கிலாந்தில் வீட்டு வாசல்களில் வைக்கப்பட்ட பாற்புட்டிகளின் மூடியைக் கிழித்து நீலச்சிட்டுகள் பாலேட்டைக் குடித்ததும், 1921இல் ஓரிடத்தில் காணப்பட்ட இப்பழக்கம் நாடெங்கும் பரவியதும் பலர் அறிந்த செய்தி. 1949இல் ஃபிஷர், ஹைண்டு என்னும் இருவர் அதனைத் தொகுத்து எழுதினர். ஒரு சிட்டைப் பார்த்து மற்றொரு சிட்டு மூடியைக் கிழிக்கும் முறையைக் கற்றது என்று அனைவரும் கூறிவந்தனர். ஆனால் 1984இல் ஷெரி, கேலஃப் ஆகியோர் அமெரிக்கச் சிட்டுகளைக் கொண்டு சோதித்தபோது, பிறிதொரு பறவையின் செயலைக் காணாமலே, முன்னரே திறந்திருந்த மூடியைக் கண்டு அதில் உண்டாலே போதும், பின்னர்த் தானாகவே மூடியைத் திறக்கக் கற்றுக்கொள்ளும் என்று தெரிந்தது. கற்றல் நிகழ்ந்தது உண்மை. ஆனால் அது பார்த்துச் செய்தல் அன்று. இத்தகைய ஐயங்களைத் தீர்க்கவே பிற்கால ஆய்வுகள் மிக நுட்பமாக அமைக்கப்பட்டன. ஆக்ஸ்ஃபர்டு அருகே வைத்தம் காட்டில், ஒரு பெட்டியின் கதவை இடமாகவோ வலமாகவோ தள்ளி இரை பெறும்படி, ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு சிட்டுகளுக்கு மட்டும் பழக்கி விட்டனர். இரண்டு வழியும் ஒரே பயனைத் தருவன. எனினும் ஒவ்வொரு கூட்டமும் தனக்குள் விடப்பட்ட முன்னோடியின் வழியையே பற்றிக்கொண்டது; பறவைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கற்றுக்கொண்டன; அடுத்த ஆண்டு, பழைய பறவைகளுட் பல இறந்துபோன பின்பும், அவ்வழி நிலைத்திருந்தது. இது 2015இல் வெளியான முடிவு.

குரங்கினத்தில் 2013இல் வெளியான ஒரு சோதனை நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. தென்னாப்பிரிக்காவில் வெர்வெட் குரங்குக் கூட்டங்களுக்கு நீல நிறம் ஊட்டிய மக்காச்சோளத்தையும் இளஞ்சிவப்பு நிறம் ஊட்டிய மக்காச்சோளத்தையும் அருகருகே வைத்தனர். சில கூட்டங்களில் நீலம் கசக்கும்படி செய்தனர். சிலவற்றில் சிவப்பு கசந்தது. பின்னர்க் கசப்பை நீக்கிவிட்டனர். பெரியவை பழைய நிறத்தையே உண்டன. புதிதாய்ப் பிறந்த குட்டிகள் தாய் உண்டதையே உண்டன. இதில் வியப்பில்லை. வயதுவந்த ஆண்குரங்குகள் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்திற் சேர்வது அவ்வினத்தின் வழக்கம். நீலம் உண்ட கூட்டத்திலிருந்து சிவப்பு உண்ணும் கூட்டத்திற்கு வந்த ஆண்கள், ஒன்று தவிர, தாம் நாவால் அறிந்ததைக் கைவிட்டுப் புதிய கூட்டத்தார் உண்டதையே உண்டன. விதிவிலக்கான அந்த ஒன்று, வந்தவுடன் தலைமையைக் கைப்பற்றிய ஆண்.

நம் நாட்டுக்குரங்கும் இவ்வழக்கமுடையதே. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முதிர்கின்றன, ஆண்கள் வெளியேறுகின்றன. ஆகவே எந்த மரம் எந்த மாதத்தில் பழுக்கும், எந்தக் குளம் கோடையிலும் வற்றாது, எந்த வீட்டில் நாய் உண்டு என்னும் ஊர் நினைவு கிழப்பெண்களிடத்தில் தங்குகிறது எனக் கொள்ளலாம். பந்திப்பூர்க் காட்டோரம் சாலையருகே வாழும் இக்குரங்குகளைக் குறித்து அனிந்திய சின்ஹாவும் அவர் குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. தங்களுக்குள் தொடர்பு கொள்ளப் பயன்படும் ஒரு மெல்லிய ஒலியை அக்குரங்குகள் மனிதரை நோக்கி எழுப்புகின்றன, கையை நீட்டுகின்றன, மனிதர் தம்மைப் பார்க்கிறாரா என்று கவனித்துக் காத்திருக்கின்றன, உணவு கிடைத்ததும் நிறுத்திவிடுகின்றன. இரத்தல் என்பதைக் காடு அவற்றிற்குக் கற்பிக்கவில்லை, நாம் கற்பித்தோம். பாலித் தீவின் உலுவாட்டு ஆலயத்தில் வேறொரு இனக் குரங்குகள் பயணிகளின் மூக்குக்கண்ணாடியையும் கைப்பேசியையும் பறித்து, உணவு தந்தாற்றான் திருப்பித் தருகின்றன. 2021இல் வெளியான ஆய்வின்படி, எப்பொருளுக்கு மிகுதியான உணவு கிடைக்கும் என்று முதிர்ந்த குரங்குகள் அறிந்து அதையே தேடிப் பறிக்கின்றன. குட்டிகளுக்கு அவ்விவேகம் இல்லை. திருவிழாக் காலத்தில் நம் ஆலய வாயில்களில் நிற்போர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

தஞ்சைப் பகுதியில் இவை வாழ இடமளித்தவை சாலையோர ஆலமரங்களும் கோயில் தோப்புகளும் கோடியக்கரைக் காடுமே. கருநாடகத்தில் மைசூரைச் சுற்றிய சாலைகளில் 1989க்கும் 2015க்கும் இடையே இக்குரங்குகளின் தொகை 65 விழுக்காட்டிற்கும் மேலாகக் குறைந்ததென 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சாலையை அகலப்படுத்த ஆலமரங்களை வெட்டியது ஒரு முதன்மைக் காரணம். மரத்தை இழந்த கூட்டம் ஓட்டு வீட்டிற்கு வருகிறது. பின்னர், பிடித்துக் கொண்டுபோய்த் தொலைவில் விடுங்கள் என்ற கூக்குரல் எழுகிறது. சாலையில் இரந்து உண்ணக் கற்ற கூட்டம், காட்டோரத்தில் விடப்பட்டாலும் தான் கற்றதை உடன் எடுத்துச் செல்லும். அருகிலுள்ள ஊரையே அது தேடும். அங்குள்ள குட்டிகளும் அதைக் கண்டு கற்கும். தொல்லையைத் தீர்க்காமல் வேறோர் ஏழை ஊருக்கு அனுப்புவதே இதில் நடப்பது. நாம் மேற்கூறிய சிற்றூரிலும் இவ்வழக்கு உண்டு. கீற்றுக் கூரையைப் பிரித்து, விதைக்கென வைத்த நெல்லைச் சிதறடித்த குரங்கின்மேல் இரக்கம் கொள்ளுமாறு அவ்வூர்த் தாய்மாரிடம் கூற நமக்கு வாய் எழவில்லை.

கோடியக்கரையைக் குறிப்பிட்டோம். அது 1967இல் காப்பகமாக்கப்பட்டது. 2002இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. குளிர்காலத்தில் சைபீரியாவின் வடகோடியிலிருந்து வளைமூக்கு உள்ளான்கள் அங்கு வந்திறங்குகின்றன. பெற்றோர் பறவைகள் குஞ்சுகளுக்கு முன்னரே வடக்கை விட்டுப் புறப்பட்டுவிடும். குஞ்சுகள் வழிகாட்டியின்றிப் பின்னர் வருகின்றன. பிறந்து சில மாதங்களே ஆன பறவை, தான் காணாத கடற்கரைக்கு யாரும் காட்டாமல் வந்து சேருகிறது. இங்கு இயல்பூக்கம் என்ற சொல் முழுப்பொருளோடு நிற்கிறது. ஆனால் வட அமெரிக்காவின் கூவும் கொக்கைப் பாருங்கள். அழியவிருந்த அவ்வினத்தின் குஞ்சுகளை, சிறு வானூர்தியைப் பின்தொடரச் செய்து, விஸ்கான்சினிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வழிகாட்டினர். அதன்பின் அவை தாமே பறந்தபோது, கூட்டத்தில் ஏழெட்டு வயதுப் பறவை ஒன்று இருந்தால் வழி தவறுதல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2013இல் கண்டனர். எரேமியா 8:7இல் தீர்க்கதரிசி தம் காலத்தை அறியும் பறவைகளை வரிசையாகக் கூறி, மக்களின் அறியாமையோடு ஒப்பிடுகிறார். அவ்வசனத்தைப் பிரசங்கிப்போர், அப்பறவைகள் அனைத்தும் ஒரே விதமாய் அறிகின்றன என்று கூறாதிருப்பது நலம். சில இரத்தத்தில் அறிகின்றன. சில மூத்தோரிடம் அறிகின்றன.

நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்து எறும்பையும் இங்கே சேர்க்க வேண்டும். தலைவனும் அதிகாரியும் இல்லாத எறும்பு என்று ஞானி கூறுவது சரியே. ஆனால் அதற்கு ஆசிரியர் உண்டு. 2006இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர், இரையிருக்குமிடம் அறிந்த எறும்பு அறியாத எறும்பை இட்டுச்செல்லும் முறையை வெளியிட்டனர். முன்செல்லும் எறும்பு சில அடி வைத்து நிற்கிறது. பின்வருவது சுற்றிப் பார்த்து வழியின் அடையாளங்களை மனத்திற் கொள்கிறது. பிறகு தன் உணர்கொம்பால் முன்னதைத் தட்டுகிறது. அதன் பின்னரே முன்னது நகர்கிறது. தனியே சென்றால் நான்கு மடங்கு விரைவாய்ப் போயிருக்கும். மாணவன் பொருட்டுத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதே கற்பித்தல் என்பதற்கு அறிவியலார் வகுத்த இலக்கணம். நம் இறையியற் கல்லூரி ஆசிரியருள் இவ்விலக்கணத்திற்கு உட்படாதோரும் உளர். நம் நாட்டில், கொல்கத்தா அருகே சுமனா அன்னகிரி என்னும் அறிவியலாளர், இந்திய எறும்பினம் ஒன்று புதுக்கூட்டிற்குக் குடிபெயரும்போது இதேபோல் ஒன்றையொன்று இட்டுச்செல்வதைப் பல ஆண்டுகளாய் ஆராய்ந்து வருகிறார்.

நுகத்தடியை அறிந்த மக்களுக்கு இவையெல்லாம் புதிய செய்தியல்ல. உம்பளச்சேரி மாட்டின் காளைக்கன்றைச் சேற்றுழவுக்குப் பழக்குவோர், அதனை முதலில் பழகிய கிழமாட்டோடு பூட்டுவர். கிழமாடு வயலின் முனையில் திரும்பும்போது இளமாடும் திரும்ப வேண்டியதாகிறது. நில் என்ற குரலுக்கு அது நிற்கும்போது இதுவும் நிற்கிறது. சில நாட்களில் குரலுக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பு இளமாட்டின் உடம்பில் ஏறிவிடுகிறது. இது நோக்கிக் கற்றல் அன்று. தோளோடு தோள் சேர்ந்து நடந்து கற்றல். மத்தேயு 11:29இல் நுகத்தை ஏற்றலும் கற்றலும் ஒரே வாக்கியத்தில் வருவதன் காரணத்தைப் பாலஸ்தீனத்து உழவரைப் போலவே நம் சோழநாட்டு உழவரும் விளக்கவுரையின்றி உணர்ந்தனர். இப்போது இயந்திரக் கலப்பை வந்துவிட்டது. கிழமாடு இல்லாத ஊரில் இளமாட்டைப் பழக்க வழியில்லை. பழக்கத் தெரிந்தவரும் ஓரிருவரே எஞ்சியுள்ளனர். மாட்டினத்தைக் காக்க அரசு பண்ணைகள் வைக்கலாம். ஆனால் உழவறிவு மரபணுவில் இல்லை.

இதுவரை கூறியவற்றால் இறையியலுக்கு வருவதென்ன என்று மாணவர் கேட்கலாம். மனிதனுக்கும் விலங்குக்கும் வேறுபாடே இல்லை என்று நாம் கூறவில்லை. ஒரு தலைமுறை கண்டதன்மேல் அடுத்த தலைமுறை மேலும் கட்டி உயர்த்தும் ஆற்றல் மனிதரிடத்தில் ஒப்பற்றது. 2024இல், தனியே எந்த வண்டாலும் தீர்க்க இயலாத இரண்டு படிப் புதிர் ஒன்றை, பழக்கப்பட்ட வண்டிடமிருந்து பிற பெருவண்டுகள் கற்றன என்று ஓர் ஆய்வு வெளியானபோது, அவ்வெல்லைக்கோடும் சற்று மங்கிற்று. எனினும் கோடு இருக்கிறது. நம் வினா வேறு. இறைச்சாயலை அக்கோட்டின்மேல் நிறுத்தலாமா?

ஆதியாகமத்தை எபிரேயத்தில் வாசிப்போர், 1:20இலும் 1:24இலும் நீர்வாழ்வனவற்றையும் நிலவாழ்வனவற்றையும் குறிக்கும் நெஃபெஷ் ஹய்யா என்னும் அதே தொடர், 2:7இல் மனிதனைக் குறிக்கவும் வருவதைக் காண்பர். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முன்னது ஜீவஜந்து என்றும் பின்னது ஜீவாத்துமா என்றும் இரு வேறு சொற்களாயின. தமிழ்த் திருமறையை மட்டும் வாசிக்கும் சபையார், மூலநூல் ஒன்றாக்கியதை நாம் இரண்டாக்கியதை அறிய வழியில்லை. மேலும், 1:26 இறைச்சாயலைக் கூறியதும் ஆளுகையைக் கூறுகிறது. தொலைநாட்டில் அரசனின் ஆணையைக் குறிக்க நாட்டப்பட்ட சிலைபோல் மனிதன் வைக்கப்பட்டான் என்று ஃபான் ராட் போன்ற விரிவுரையாளர் விளக்குவர். அவ்வாறாயின் சாயல் என்பது மூளையில் உள்ள ஒரு திறனன்று, ஒரு பொறுப்பு. திறனின்மேல் அதனை நிறுத்தினால் இரண்டு கேடுகள் விளையும். ஒவ்வொரு புதிய ஆய்வும் வெளியாகும்போது நாம் ஒரு படி பின்வாங்க வேண்டியிருக்கும். இரண்டாவது கேடு பெரிது: கற்கும் திறன் குன்றிய மனவளர்ச்சியற்ற குழந்தைக்குச் சாயல் குறைவு என்று கூற நேரிடும். அதனை எந்த ஆயரும் ஒரு தாயின் முன் கூறத் துணியார்.

தஞ்சைப் பகுதியில் மூன்றாவதொரு கேடும் உண்டு. பிறவிக்குணம் என்ற சொல் இங்கு விலங்கைக் குறித்து மட்டும் வழங்கியதன்று. பண்ணையாட்களைக் குறித்தும் அச்சொல் வழங்கிற்று. அவர்களுக்குப் படிப்பு ஏறாது, கற்பித்தால் இடரே வரும் என்று மிராசுதாரர் திண்ணைகளில் பேசியதை முதியோர் இன்னும் நினைவுகூர்கின்றனர். குரங்கின் கதை அப்பேச்சிற்கு மேற்கோளாயிற்று. மனிதரை விலங்கோடு ஒப்பிட்ட கொடுமை ஒருபுறம். அந்த விலங்கைப் பற்றிய கூற்றே பொய் என்பது மறுபுறம்.

இவ்விரு பொருளிலும் கருத்துச் செலுத்திய ஒருவர் தரங்கம்பாடியில் வாழ்ந்தார். டேனிஷ் ஹாலே மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் ஐயர் 1771இல் அங்கு வந்து, 1813இல் அங்கேயே மரித்தார். கடற்கரையில் கிடைத்த மீன்களையும் சங்குகளையும் சேர்த்து ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பினார். பெர்லின் மீனியல் அறிஞர் புளோக், கத்தாளை மீன்களின் ஒரு பேரினத்திற்கு அவர் பெயராலேயே ஜானியஸ் என்று பெயரிட்டார். அதே தரங்கம்பாடியில் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் படைத்தலைவர், குளத்தருகே பனைமரப் பட்டையின் வெடிப்பில் ஏறிக்கொண்டிருந்த மீனைத் தம் கையால் பிடித்ததாக 1791ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றை எழுதினார்; லண்டன் லின்னேயச் சங்கம் அதனை 1797இல் வெளியிட்டது. அதுவே நம் பனையேறிக் கெண்டை. மரமேறும் செய்தியைப் பலர் நகையாடினர். இரண்டு நூற்றாண்டு கழித்து, 2004இல், கேரளத்து இரிஞாலக்குடாவில் கல்லூரி ஆய்வாளர் இருவர் அதே மீனைக் கண்ணாடித் தொட்டியிலிட்டு, அது பழகிய தோழரைப் புதியோரினின்று பிரித்தறிவதையும், ஆயினும் புதியோர் கூட்டம் பெரிதாயிருந்தால் அதனையே நாடுவதையும் கண்டனர்.

மீனைக் கூர்ந்து நோக்கிய அந்த ஜான் ஐயரே, தரங்கம்பாடியைச் சுற்றி இலவசப் பள்ளிகளை நிறுவினார். 15 தமிழ்ப் பள்ளிகளிலும் 5 ஆங்கிலப் பள்ளிகளிலும் இரண்டாண்டு நடந்த முயற்சியைப் பற்றிய அவருடைய அறிக்கை 1813இல் லண்டனில் அச்சாயிற்று. மீன் மரமேறாது என்றும், இந்தப் பிள்ளைகள் படிக்கமாட்டா என்றும் முன்கூட்டியே முடிவு செய்தோர் அக்காலத்தில் குறைவன்று. அவர் இரண்டு இடத்திலும் போய்ப் பார்த்தார்.

சென்ற தை மாதத்தில் அச்சிற்றூருக்கு மீண்டும் சென்றோம். கருவேல மரத்தில் அதே முதியவரோடு நின்று, இளங்குருவி கட்டிய அந்தத் தாறுமாறான கூட்டைப் பெண்குருவி எதுவும் ஏற்றுக்கொண்டதா என்று கேட்டோம். "இல்லைங்க ஐயா. பாதியோட விட்டுட்டுது. ஆனா இந்த வருசம் பாருங்க" என்று கிணற்றின் நடுவே, நீருக்கு நேர்மேலே நீண்டிருந்த கிளையைக் காட்டினார். பழைய கூடு கரையோரக் கிளையில் இருந்தது. பாம்பும் பிள்ளைகளும் எட்டக்கூடிய இடம். புதியது எட்டாத இடத்தில், முன்னதினும் இறுக்கமாய்ப் பின்னப்பட்டு, நுழைகுழாயோடு தொங்கிற்று. அதே குருவிதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டோம். "அதுக்கு ஒரு கால் கோணல்" என்றார்.